லாரி ஓட்டுநரும் அவர்தம் உரிமமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நமக்கு முன் பேசிய பெரியோர் அம்மரபைச் செவ்வனே காத்தனர். நாமோ இரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எழுத்தர், மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மேல் படிப்பில்லை, வக்கீலும் அல்லோம். ஆயினும் செயற்குழுவினர் நம்மை அழைத்து, "லாரி ஓட்டும் உறுப்பினர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுக" என்றனர். காரணம் உண்டு. நம் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினால், கணிசமான பெயர்கள் லாரி ஓட்டுநர்களுடையவை. இன்று இம்மண்டபத்தில் அவர்தம் மனைவியரும் மக்களும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிற் பலரோ வண்டியோடு வெளியூரில் இருக்கின்றனர். ஆகவே இவ்வுரை, இங்கிருப்போர் கேட்டு, வீடு திரும்பியபின் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய உரை.

நம் சாந்திபுரம் சிற்றூர்தான். ஆனால் இது நிற்கும் இடம் சிறியதன்று. பலமனேரிலிருந்து வி. கோட்டை வழியாக வரும் சாலை இவ்வூரைத் தொட்டுக் குப்பம் சென்று கிருஷ்ணகிரியை அடைகிறது. மதனப்பள்ளித் தக்காளியும் சித்தூர் மாம்பழமும் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் வட்டாரம் இது. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடுகள் மாறின. சுமை தூக்கும் வண்டிகளின் ஓட்டம் மாறவில்லை. இங்கிருந்து புறப்படும் ஓட்டுநர் ஒரே இரவில் ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலப் போலீசாரையும் காண நேரலாம். மூன்று மொழிகளில் ஏதேனும் ஒன்றில், அல்லது ஆங்கிலத்தில், ஒரு தாள் அவர் கையில் திணிக்கப்படலாம். அத்தாளைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். அதில் தவறு செய்தவர் நாமே. ஆதலால் ஒளிக்காமல் சொல்வதே முறை.

சில ஆண்டுகட்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் சங்கத்து ஓட்டுநர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். தருமபுரிப் பக்கத்தவர், நம்மினும் பத்து வயது மூத்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். முந்தின வாரம் தக்காளிப் பாரத்தோடு சென்றபோது அதிகாரிகள் நிறுத்தி, எடைமேடையில் ஏற்றிப் பார்த்திருக்கின்றனர். பாரம் கூடுதல். சலான் போட்டார்கள்; உரிமத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டார். "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அத்தாளை நம்மிடம் நீட்டினார்.

நாம் பார்த்தோம். எங்கே பார்த்தோம்? தொகை எழுதிய இடத்தைப் பார்த்தோம். கட்டிய இரசீதைப் பார்த்தோம். இரண்டும் ஒத்திருந்தன. கணக்கெழுதும் கைக்கு அவ்வளவே போதுமானதாகத் தோன்றிற்று. "அண்ணே, பணம் கட்டியாயிற்று, கணக்குத் தீர்ந்தது, கவலையை விடுங்கள். உரிமம் தபாலில் வந்து சேரும்" என்றோம். அவரும் நிம்மதியோடு சென்றார். அத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. உரிமத்தின்மீது 19ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க அனுப்பப்படுகிறது என்பது அதன் பொருள். அவ்வரியை நாம் படிக்கவில்லை.

பின்னர் நடந்தது இது. விளக்கம் கேட்டு அவருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. எந்த முகவரிக்கு? உரிமத்தில் பதிந்திருந்த பழைய ஊர் வீட்டு முகவரிக்கு. அவ்வீட்டை அவர் விற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவிப்பு ஆளின்றித் திரும்பிற்று. பதில் வாராமையால் மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி ஆணை பிறந்தது. அந்த ஆணையும் அதே முகவரிக்குச் சென்று திரும்பிற்று. நம் சொல்லை நம்பிய அவர், கையிலிருந்த தாளையே உரிமமாகக் கருதி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். வேறோர் ஊரில் நிறுத்திக் கருவியில் எண்ணைத் தட்டிப் பார்த்தபோதுதான், நிறுத்தப்பட்ட உரிமத்தோடு வண்டி ஓட்டும் குற்றம் அவர்மீது ஏறியிருப்பது தெரிந்தது. முதலாளி சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அம்மூன்று மாதத்தில் அவர் வீட்டம்மையாரின் கம்மல் அடகுக் கடைக்குச் சென்றது.

மறுபடியும் அவர் நம் வீட்டுக்கு வந்தார். நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பழைய தாளை எடுத்து விரித்து, "சார், அந்த வரி எது?" என்று மட்டும் கேட்டார். விரலை வைத்துக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பட்ட வெட்கமே நம்மைச் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படிக்கச் செய்தது.

நிற்க. நாம் படித்துக் கண்டவற்றுள் தலையாயது ஒன்று. அதை முதலிற் சொல்லிவிடுகிறோம். மற்றவை மறந்தாலும் இஃது ஒன்றை மறவாதிருங்கள். அபராதம் வேறு, உரிமம் வேறு. அபராதம் கட்டியதால் உரிமத்தின் மீதுள்ள நடவடிக்கை நின்றுவிடாது.

இது நம் கற்பனை அன்று. நம் நாட்டில் மோட்டார் வாகனத்துக்கு 1914இல் ஒரு சட்டமும் 1939இல் ஒரு சட்டமும் இருந்தன. இப்பொழுதுள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை 2019இல் பெரிதும் திருத்தினர். தண்டனைகளைக் கூட்டிய பிரிவுகள் அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று அமலாயின. அந்தத் திருத்தத்தில் 200ஆம் பிரிவோடு ஒரு நிபந்தனை சேர்ந்தது. அந்த இடத்திலேயே பணம் கட்டிக் குற்றத்தைத் தீர்த்துக்கொண்டாலும், அடுத்த முறை அதே குற்றம் நேர்ந்தால் முந்தியதும் கணக்கில் சேரும். உரிமத்தைப் பறிமுதல் செய்து அனுப்பும் நடவடிக்கையினின்றும் அப்பணம் விடுவிக்காது என்று அது கூறுகிறது. "ஐந்நூறோ ஆயிரமோ கட்டித் தொலைத்துவிட்டுப் போவோம்" என்பது நம் ஓட்டுநர்களின் நெடுநாள் வழக்கம். இரவில் பாரத்தோடு நிற்பவர்க்கு வேறு வழி தோன்றுவதில்லை என்பதையும் அறிவோம். ஆனால் பணம் தொலைகிறதே ஒழியக் குற்றம் தொலைவதில்லை. அது பதிவேட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறது.

அடுத்தது, கையில் தரும் தாள். உரிமத்தை வாங்கிக்கொண்டு அதிகாரி தரும் ஒப்புகைச் சீட்டு இரு வகைப்படும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம், பயன் வேறு. 206ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி தரப்படுவது ஒன்று. உரிமம் திரும்பும் வரையிலோ, சீட்டில் குறித்த நாள் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை அதைக் கொண்டு வண்டி ஓட்டலாம். நான்காம் உட்பிரிவின்படி தரப்படுவது மற்றொன்று. அது 2019இல் புகுந்தது. மிகு வேகம், ஆபத்தான ஓட்டம், குடித்துவிட்டு ஓட்டுதல் முதலிய குற்றங்களுக்கு உரியது. அந்தச் சீட்டைக் கொண்டு வண்டி ஓட்டுதல் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. எனவே சீட்டை வாங்கியதும் கேட்கவேண்டிய கேள்வி, "எவ்வளவு?" என்பதன்று, "எந்தப் பிரிவு? இதை வைத்து ஓட்டலாமா?" என்பதே. உரிமம் நிறுத்தப்பட்டிருக்கும்போது ஓட்டினால் 182ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் வரும்.

உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் சாலையில் நிற்கும் காவலருக்கு இல்லை. உரிமம் வழங்கும் அலுவலருக்கே உண்டு. 19ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. அவரும் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேளாமல் ஆணையிடுதல் கூடாது. ஆணை வந்தபின், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆக, உரிமத்தைக் காக்கச் சட்டமே இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்விரு வாயில்களுக்கும் வழி தபால் வழியே. தபால் வந்து சேராவிட்டால் வாயில் இருந்தும் பயனில்லை.

இங்கேதான் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர்க்கு ஒரு தனி இடர் இருக்கிறது. சாந்திபுரத்தில் குடியிருக்கிறோம், உரிமத்தில் சேலத்து முகவரியோ வேலூர் முகவரியோ நிற்கிறது. இந்தியாவில் எங்கு பெற்ற உரிமமும் நாடெங்கும் செல்லும் என்பதால் அதை மாற்ற வேண்டிய தேவையை நாம் உணர்வதில்லை. சரக்கு அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. முகவரி தவறிய பொட்டலம் யாருக்கும் உதவாமல் மூலையில் கிடக்கும். நாள் செல்லச் செல்லத் தங்கற் கட்டணம் ஏறும். முகவரி தவறிய அறிவிப்பும் அப்படியே. ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமத்திலுள்ள முகவரியை இன்றிருக்கும் முகவரியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அத்துடன் 'சாரதி' என்னும் அரசுத் தளத்தில் இப்பொழுது பயன்படும் கைப்பேசி எண்ணையும் பதிந்துகொள்ள வேண்டும். பழைய எண்ணை விட்டுப் புதிய எண் வாங்கியவர்கள் இதனை அறவே மறந்துவிடுகின்றனர்.

இனி, உரிமத்துக்கு இடர் வரும் வழிகளைப் பார்ப்போம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014 ஏப்ரலில் நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பிற்று. மிகு வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், சரக்கு வண்டியில் மிகு பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல் ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்துக என்பதே அது. நம் ஓட்டுநர் நண்பர் இழந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

இந்த ஆறனுள் குடியும் கைப்பேசியும் ஓட்டுநரின் கையில் இருப்பவை. நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம். முதன்முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதற்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆனால் மிகு பாரமும் மிகு வேகமும் பெரும்பாலும் ஓட்டுநர் விரும்பிச் செய்பவை அல்ல. பாரத்தை ஏற்றுபவர் ஒருவர். நேரத்தைக் குறிப்பவர் ஒருவர். உரிமத்தைப் பறிகொடுப்பவர் மற்றொருவர். இந்த அநீதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இரயில்வேயில் நடப்பதைப் பாருங்கள். சரக்குப் பெட்டியில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால், 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி தண்டக் கட்டணம் விதிக்கலாம். யாரிடம்? சரக்கை அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ. இஞ்சின் ஓட்டும் தொழிலாளியிடம் யாரும் கேட்பதில்லை. சாலையிலோ, 194ஆம் பிரிவின்படி மிகு பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மூன்று டன் கூடினால் 26,000 ரூபாய். பாரத்தை இறக்கும் செலவு வேறு. இறக்காமல் வண்டி நகரலாகாது. எடை போட மறுத்து ஓடினாலோ, எடை போடுமுன் சரக்கை இறக்கினாலோ 40,000 ரூபாய். இவை சட்டம் கூறும் தொகைகள். உடன் கட்டித் தீர்க்கும் தொகையை மாநில அரசுகளே அறிவிப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அதே 194ஆம் பிரிவு, ஓட்டியவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. எனவே பாரம் முதலாளி ஏற்றியது என்பதற்குச் சான்று இருந்தால் அதனை விளக்கத்தில் எழுதலாம், எழுத வேண்டும். சான்று என்பது யாது? எடைமேடைச் சீட்டு, சரக்கு ஏற்றிய இடத்தில் தரும் பட்டியல், "ஏற்றிக்கொண்டு புறப்படு" என்று கைப்பேசியில் வந்த செய்தி. இவற்றை ஒரு நடை முடிந்ததும் கிழித்தெறியாமல் சில மாதங்களாவது வைத்திருத்தல் நன்று. வண்டிக்குரிய எடை எவ்வளவு என்பது பதிவுச் சான்றிதழில் இருக்கிறது, அதுவே கணக்கு. 2018 ஜூலையில் நடுவண் அரசு வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் என்பது 18.5 டன் ஆயிற்று; மூன்று அச்சு லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆயிற்று. இது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. அளவு மீறிய பாரத்தால் வண்டியின் அச்சு முறிவதை உவமையாக வைத்து ஒரு குறளே செய்தார் வள்ளுவர். அவர் அக்குறளை வைத்த அதிகாரம் வலியறிதல். நம் வண்டியின் வலியறிதல் பதிவுச் சான்றிதழைப் படிப்பதில் தொடங்குகிறது.

அடுத்தது வேகம். தக்காளி காத்திருக்காது, விடியுமுன் கோயம்பேட்டில் இறங்கினால்தான் விலை. ஆகவே மண்டிக்காரர் நேரம் குறிக்கிறார். முதலாளி, "நான்கு மணிக்குள் போய்ச் சேர்" என்கிறார். ஓட்டுநர் மொகிலிக் கணவாய் வளைவுகளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு விரைகிறார். 2018 ஏப்ரலில் நடுவண் அரசு அறிவித்த உச்ச வரம்பு, சரக்கு வண்டிக்கு நான்கு தடச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர். ஊர்ப்புறத்து மற்றச் சாலைகளில் 60. கனரக வண்டி வரம்பை மீறினால் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை மீறினால் உரிமத்துக்கே கேடு.

இங்கும் சட்டத்தில் நம்மவர் அறியாத ஓர் இடம் உண்டு. இரயில்வேக்காரராகிய நமக்கு அது மிக உவப்பாயிற்று. ஏனெனில் அது கால அட்டவணையைப் பற்றியது. வேக வரம்பை மீறாமல் சென்று சேர முடியாத நேரத்தைக் குறித்து ஒருவர் கட்டளையிட்டால், அல்லது அட்டவணை வெளியிட்டால், அக்கட்டளையே அவர்மீது குற்றத்துக்கு முதற்சான்றாகும் என்று 183ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு கூறுகிறது. "நான்கு மணிக்குள் வா" என்று முதலாளி அனுப்பிய செய்தி கைப்பேசியில் இருந்தால், அது வெறும் செய்தி அன்று, சான்று. அதை அழிக்காதீர்கள். மேலும், காவலர் ஒருவர் "இவ்வளவு வேகம் இருக்கும்" என்று கண்ணால் மதிப்பிட்டது மட்டும் போதாது. கருவியால் அளந்த அடிப்படை வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

வேகத்தோடு பிறந்தது உறக்கமின்மை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையையும், ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வையும் வகுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அச்சட்டம் அடங்கிவிட்டது. எட்டு மணி நேர அளவு அதிலும் நிற்கிறது. ஏட்டில் நிற்பது சாலையில் நிற்பதில்லை என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். இஞ்சின் ஓட்டுபவரை ஓய்வின்றி அனுப்பலாகாது என்று இரயில்வேயில் விதியும் பதிவேடும் இருக்கின்றன. லாரி ஓட்டுபவர்க்குப் பதிவேடு ஏது? ஆகவே நாமே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். புறப்பட்ட நேரம், நிறுத்திய இடம், உறங்கிய நேரம், ஏற்றிய எடை, வாங்கிய சீட்டு ஆகியவற்றை எழுதிவைத்தால், ஒரு நாள் அதுவே நமக்குச் சாட்சி.

சிறு குறிப்புகள் சிலவற்றையும் சொல்லிவிடுவோம். சரக்கு வண்டி ஓட்டும் உரிமம் 2019க்குப்பின் ஐந்தாண்டு செல்லும். முன்பிருந்த முப்பது நாள் சலுகையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. அத்திருத்தத்தின்படி நாள் கடந்த மறுநாளே உரிமம் உயிரற்றதாயிற்று. ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலங்கடந்து ஓராண்டு தாண்டினால் மீண்டும் தேர்வுக்கு நிற்க வேண்டும். 2018 நவம்பர் முதல் உரிமத்தையும் வண்டித் தாள்களையும் மின்னணு வடிவிலும் காட்டலாம். சில இடங்களில் முன்பணம் கொடுத்த முதலாளிகள் ஓட்டுநரின் உரிமத்தையே அடகுபோல் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். தாலியை அடகு வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. மற்றொன்று: இலேசுரக வண்டி உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. சிறு வண்டி ஓட்டும் இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

விபத்து நேர்ந்தால் என் செய்வது? 2024 சனவரித் தொடக்கத்தில் நாடெங்கும் லாரிகள் நின்றதை நினைவுகூருங்கள். புதிய பாரதிய நியாய சங்கிதையின் 106ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு, மரணம் விளைவித்துவிட்டு அறிவிக்காமல் ஓடுபவர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்று கூறியதே காரணம். ஏழு இலட்சம் ரூபாய் அபராதம் என்றும் வாய்மொழியாய்ப் பரவிற்று. சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். அபராதம் உண்டு என்று இருக்கிறதே தவிர, அந்தத் தொகை அதில் இல்லை. 2024 ஜூலை 1 அன்று சங்கிதை நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அமலாக்காமல் விட்டனர். ஆயினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு முன்பிருந்தே உள்ளது. அடிபட்டவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் சினத்தால் அங்கே நிற்க இயலாதாயின் அதற்கும் அப்பிரிவு இடம் தருகிறது. அவ்விடத்தில் காவலர் இல்லையெனில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். ஓடுவதற்கும், ஒதுங்கிச் சென்று காவல் நிலையத்தில் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

இவ்வளவும் சொன்னது, குற்றம் செய்தவர் தப்பும் வழி காட்டுவதற்கன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நம்மவரும் உண்டு. நம்மவர் வண்டியில் அடிபட்டவரும் உண்டு. உரிமம் என்பது ஊரார் நம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கை. அதற்குத் தகாதவரிடமிருந்து அதைப் பறிப்பதில் நமக்கு வருத்தமில்லை. படிக்கத் தெரியாமையாலும், தபால் வாராமையாலும், பிறர் ஏற்றிய பாரத்தாலும் தகுதியுள்ளவர் அதை இழப்பதே நம் வருத்தம்.

ஆகவே நாம் செயற்குழுவின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு காலையில் இம்மண்டபத்துத் திண்ணையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட இசைவு தாருங்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் ஒருவர், ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் அங்கே அமர்வோம். ஓட்டுநரின் சலானையும் சீட்டையும் அறிவிப்பையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துச் சொல்வோம். முகவரி மாற்ற விண்ணப்பம் நிரப்பித் தருவோம். விளக்கம் எழுதவேண்டிய நாளைக் காலண்டரில் குறித்து வைப்போம். ஓட்டுநர் ஊரில் இல்லையெனில் அவர் மனைவியோ மகளோ அத்தாளைக் கொண்டு வரலாம். வழக்காடும் அளவுக்குச் சென்றால் அது வக்கீலின் வேலை. சட்ட உதவி ஆணையத்தின் 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. தகுதியுள்ளவர்க்கு இலவச உதவி கிடைக்கும். நம் வேலை படித்துச் சொல்வது மட்டுமே.

தமிழ்ச் சங்கத்துக்கு இது பொருந்துமா என்று யாரேனும் வினவலாம். எழுத்தறிந்தோர் எழுத்தறியாதவர்க்குப் படித்துச் சொல்வதினும் சிறந்த தமிழ்ப் பணி வேறு உளதோ, நாம் அறியோம்.

தருமபுரிப் பக்கத்து அந்த அண்ணன், புத்தறிவுப் பயிற்சியும் முடித்து, உரிமத்தைத் திரும்பப் பெற்று, இன்றும் லாரி ஓட்டுகிறார். இம்மேசைக்கு முதற்பலகை தாமே வாங்கித் தருவதாகச் சென்ற வாரம் சொன்னார். இன்று அவர் இங்கில்லை. பாரத்தோடு சென்னைக்குச் சென்றிருக்கிறார். அவர் வீட்டம்மையார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அம்மா, அவர் திரும்பியதும் சொல்லுங்கள்: இனி எந்தத் தாளையும் கடைசி வரி வரை படித்த பின்னரே, "கவலை வேண்டா" என்று நாம் சொல்வோம்.